தன்னியக்கத் தீர்மானத்துக்கு மீளாய்வு கோருவது எப்படி: வன்னி மக்களுக்கான முழுமையான வழிகாட்டி

அரசின் நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டமான அஸ்வெசுமவின் பட்டியலில் பெயர் வரவில்லை. உழவு இயந்திரத்துக்குக் கேட்ட லீசிங் மறுக்கப்பட்டது. கைபேசிச் செயலி ஒன்றில் கேட்ட சிறுகடன் சில விநாடிகளில் நிராகரிக்கப்பட்டது. மூன்று இடங்களிலும் விண்ணப்பித்தவருக்குக் கிடைக்கும் விளக்கம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: "சிஸ்டம் எடுக்கவில்லை." இந்தப் பதிலைக் கேட்டுத் திரும்பி வருபவர்களுக்காகவும், அவர்களுக்குக் கடிதம் எழுதிக்கொடுக்கும் ஆசிரியர்கள், சங்கத் தலைவர்கள், கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர்கள் ஆகியோருக்காகவும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

இதில் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றே ஒன்று. கணினி கணித்துத் தந்த தகுதிப் புள்ளியோடு வாதாடிப் பயனில்லை. அந்தப் புள்ளி எந்தத் தரவுகளிலிருந்து பிறந்தது, அதற்குக் கையொப்பமிட்ட அதிகாரி யார் என்ற இரண்டையும் எழுத்தில் பெற்ற பிறகுதான் வாதம் தொடங்க வேண்டும். மனிதக் கை படாமல் கணினியே எடுக்கும் முடிவுக்கு, அதாவது தன்னியக்கத் தீர்மானத்துக்கு, எதிரான உரிமை இலங்கையின் சட்டத்தில் மிகவும் ஒடுக்கமானது. அந்த ஒடுக்கமான வாசலை மட்டும் நம்பிச் செல்பவர் எளிதில் திருப்பி அனுப்பப்படுவார். தரவைப் பார்த்துத் திருத்திக்கொண்டு செல்பவருக்கு அதைவிட அகலமான வழிகள் உண்டு.

சட்டம் இன்று நிற்கும் இடம்

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 மார்ச் 19 ஆம் திகதி சபாநாயகரால் சான்றுரைக்கப்பட்டது. அது முழுவதும் ஒரே நாளில் நடைமுறைக்கு வரும் வகையில் எழுதப்படவில்லை. தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையை நிறுவும் பகுதி 2023 ஜூலை 17 முதல் செயற்பட்டது. வேறு சில பகுதிகள் அதே ஆண்டு டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. பொதுமக்களின் உரிமைகளையும் நிறுவனங்களின் கடமைகளையும் கூறும் பகுதிகள் 2025 மார்ச் 18 இல் தொடங்கும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அந்த அறிவித்தல் பின்னர் மீளப் பெறப்பட்டது. 2025 இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம், எஞ்சிய பகுதிகள் தொடங்கும் நாளை அமைச்சர் வர்த்தமானி மூலம் நியமிக்கலாம் என்று மாற்றியது.

ஆகவே கடிதத்தில் இச்சட்டத்தின் எந்தப் பிரிவையும் மேற்கோள் காட்டுவதற்கு முன்பு, அந்தப் பிரிவு அடங்கிய பகுதி நடைமுறைக்கு வந்துவிட்டதா என்பதை அரச அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் உள்ள வர்த்தமானிகளில் பார்த்துக்கொள்ளுங்கள். அல்லது உங்கள் மாவட்டத்தில் இயங்கும் சட்ட உதவி ஆணைக்குழு நிலையத்தில் கேளுங்கள். மூலச் சட்டத்தை மட்டும் வாசித்துவிட்டு எழுதவும் கூடாது. திருத்தச் சட்டத்தையும் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும்.

இந்தத் தாமதத்தை வெறும் நிர்வாகத் தாமதமாக எண்ணிக் கடந்து செல்ல என்னால் முடியவில்லை. சட்டம் புத்தகத்தில் இருந்து, உரிமைகள் மட்டும் நடைமுறைக்கு வராமல் இருந்த இதே காலத்தில்தான், நாட்டின் இலட்சக்கணக்கான குடும்பங்களின் வருமானம், நோய், வீட்டின் கூரை, மின்சாரப் பாவனை என்பன வீடு வீடாகத் திரட்டப்பட்டு ஒரே தரவுத்தளத்தில் சேர்க்கப்பட்டன. தரவைக் கொடுக்கும் கடமை மக்களுக்கு முதலில் வந்தது; அதைக் கேள்வி கேட்கும் உரிமை இன்னும் பின்னால் வந்துகொண்டிருக்கிறது. எனினும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை. கீழே வரும் படிகளில் முதல் மூன்றுக்கும் தரவுப் பாதுகாப்புச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வர வேண்டிய அவசியம் இல்லை.

படி 1: எவர், எதைக் கொண்டு தீர்மானித்தார் என்று பிரித்தறிதல்

ஒரு தீர்மானத்தில் கணினியின் பங்கு மூன்று விதமாக இருக்கலாம். அதிகாரி தானே தீர்மானித்துவிட்டுக் கணினியில் பதிவு மட்டும் செய்திருக்கலாம். கணினி ஒரு புள்ளியையோ ஆபத்து மட்டத்தையோ தர, அதைப் பார்த்து அதிகாரி தீர்மானித்திருக்கலாம். அல்லது மனிதக் கை படாமலே முடிவு வெளிவந்திருக்கலாம். சட்டத்தின் 18 ஆம் பிரிவு பேசுவது மூன்றாவதைப் பற்றி மட்டுமே. தன்னியக்கச் செயன்முறையை மாத்திரம் அடிப்படையாகக் கொண்ட தீர்மானமே அதன் எல்லைக்குள் வரும்.

நடைமுறையில் சிக்கல் இரண்டாவது வகையில்தான் இருக்கிறது. கிளை முகாமையாளர் ஒருவர் திரையில் தெரியும் புள்ளியைப் பார்த்து, அதற்கு மேல் எதையும் ஆராயாமல் கையொப்பமிட்டால், அது மனிதத் தீர்மானமா? ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2023 டிசம்பர் 7 இல் ஜெர்மனியின் ஷூஃபா என்ற கடன் தகவல் நிறுவனம் தொடர்பான வழக்கில் இக்கேள்விக்குப் பதில் கூறியது. கடன் கொடுக்கும் நிறுவனம் அந்தப் புள்ளியிலேயே பெரிதும் தங்கியிருந்தால், புள்ளியை உருவாக்குவதே ஒரு தன்னியக்கத் தீர்மானம் ஆகும் என்பது அதன் முடிவு. அந்தத் தீர்ப்பு இலங்கையைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நமது சட்டம் பெருமளவில் ஐரோப்பியப் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியைத் தழுவி எழுதப்பட்டிருப்பதால், இதே தர்க்கத்தை அதிகாரசபையின் முன் எடுத்துவைப்பதற்கு இடமுண்டு.

எனவே அலுவலகத்திலோ கிளையிலோ "சிஸ்டம்" என்ற சொல் வந்த உடனே இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: இந்த முடிவை மாற்ற அதிகாரமுள்ள அதிகாரி யார்? அவர் என் கோப்பைப் பார்த்தாரா? எந்த நாளில் பார்த்தார்? பதிலைத் திகதியோடும், பதில் சொன்னவரின் பதவியோடும் அன்றே குறித்து வையுங்கள். "எங்களால் எதுவும் மாற்ற முடியாது, கொழும்பில்தான் சிஸ்டம் இருக்கிறது" என்று ஒருவர் கூறினால், அந்தக் கூற்றே முடிவு தன்னியக்கமானது என்பதற்கு உங்களிடம் உள்ள முதற்சான்று.

படி 2: காரணத்தை எழுத்தில் பெறுதல்

முடிவு அரச நிறுவனத்திலிருந்து வந்திருந்தால், இப்போதே கையில் எடுக்கக்கூடிய வலுவான கருவி 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம். இது 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. கோப்புகளின் பிரதியைக் கேட்பதற்கான சட்டமாகவே பலர் இதை அறிவார்கள். இதன் 35 ஆம் பிரிவை அவ்வளவாக எவரும் பயன்படுத்துவதில்லை. பகிரங்க அதிகாரசபையின், அதாவது அரச நிறுவனத்தின், அலுவலர் ஒவ்வொருவரும் தம் தீர்மானத்தால் பாதிக்கப்பட்டவருக்கு அதற்கான காரணங்களை எழுத்தில் வழங்க வேண்டும் என்பதே அப்பிரிவின் சாரம். தீர்மானத்தைக் கணினி எடுத்ததா மனிதர் எடுத்தாரா என்று அப்பிரிவு பிரித்துப் பார்ப்பதில்லை.

விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலருக்கு முகவரியிட்டு எழுதுங்கள். ஆர்.டி.ஐ. 01 என்ற படிவம் உண்டு. ஆயினும் சாதாரணக் கடிதத்திலும் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர் நீங்கள் அல்லர். கரைச்சி, கண்டாவளை, ஒட்டுசுட்டான், துணுக்காய், நெடுங்கேணி, மடு என்று எந்தப் பிரதேச செயலகமாயினும் கடிதத்தைத் தமிழிலேயே எழுதித் தமிழிலேயே பதில் பெறும் உரிமை அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரையின் வழியாக உங்களுக்கு இருக்கிறது. நேரில் கொடுத்தால் ஏற்புச் சீட்டைப் பெறாமல் திரும்பாதீர்கள். தபாலில் அனுப்பினால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது முடிவை அறிவிக்க வேண்டும். மறுத்தால் அல்லது பதிலே வராவிட்டால், 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அவருக்கு மூன்று வாரங்கள் உண்டு. அதன் பிறகும் திருப்தியில்லையெனில் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடம் செல்லலாம். சிலவேளை "இது தனிப்பட்ட தகவல், தர முடியாது" என்ற பதில் வரும். அந்த விதிவிலக்கு பிறருடைய தகவலைக் காப்பதற்காக எழுதப்பட்டது. உங்கள் தகவலை நீங்களே கேட்கும்போது அதைக் காரணம் காட்டுவது பொருந்தாது என்பதை மேன்முறையீட்டில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

தனியார் நிறுவனங்களை இச்சட்டம் பொதுவாக எட்டாது. வங்கி, லீசிங், நுண்கடன் நிறுவனம் என்றால் முகாமையாளருக்கு நேரடியாகக் கடிதம் எழுதிக் காரணத்தைக் கேளுங்கள். மத்திய வங்கியின் ஒழுங்குபடுத்தலுக்கு உட்பட்ட நிறுவனமாக இருந்து, அது நியாயமான பதிலைத் தராவிட்டால், மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறையிடலாம். அதன் துரித இலக்கம் 1935.

படி 3: உங்கள் தரவைப் பார்த்துத் திருத்துதல்

இந்தப் படியில்தான் அதிக நேரத்தைச் செலவிட வேண்டும். வன்னியில் தன்னியக்கத் தீர்மானம் பிழைக்கும்போது, அந்தப் பிழையின் வேர் பெரும்பாலும் பதிவுகளில் இருக்கிறது என்பது என் எண்ணம். போரும் இடப்பெயர்வும் இம்மக்களின் ஆவணங்களைச் சிதறடித்தன. பிறப்புச் சான்றிதழ் தொலைந்து காலங்கடந்த பதிவின் வழியாகப் புதிதாகப் பெற்றவர்கள், மீள்குடியேற்றத்தின்போது வேறு முகவரியில் பதியப்பட்டவர்கள், கணவரின் பெயரில் இருந்த காணி அனுமதிப்பத்திரம் இன்னும் மாற்றப்படாதவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. மனித அதிகாரி ஒருவர் இந்த வரலாற்றை அறிந்து விளங்கிக்கொள்வார். கணினிக்கு அது பொருந்தாத இரண்டு பதிவுகளாக மட்டுமே தெரியும்.

முதலில் பெயரையும் இலக்கத்தையும் பாருங்கள். மகேஸ்வரி என்ற ஒரே பெயர் ஆங்கில எழுத்தில் ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒவ்வொரு விதமாக எழுதப்பட்டிருக்கும். முதலெழுத்துகள் ஓரிடத்தில் தந்தையின் பெயருக்கும் இன்னோரிடத்தில் கணவரின் பெயருக்கும் நிற்கும். அதேபோலப் பழைய தேசிய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் இருந்தன. 2016 முதல் வழங்கப்படும் அட்டையில் பன்னிரண்டு இலக்கங்கள் உள்ளன. பழைய இலக்கத்தில் ஒரு பதிவும் புதிய இலக்கத்தில் இன்னொரு பதிவும் இருந்தால், ஒரே மனிதர் இரண்டு பேராகக் கணிக்கப்படவோ, உரிய பதிவு கண்டுபிடிக்கப்படாமல் போகவோ கூடும். ஆகவே வங்கிக் கணக்கு, கிராம உத்தியோகத்தர் பதிவு, நலன்புரி விண்ணப்பம், காணி ஆவணம் ஆகியவற்றில் உங்கள் பெயர், பிறந்த திகதி, இலக்கம் ஆகியவை எவ்வாறு பதியப்பட்டுள்ளன என்பதை ஒரு தாளில் அருகருகே எழுதிப் பாருங்கள். முரண்பாடு இருந்தால் அது அங்கேயே கண்ணில் படும்.

அடுத்து நலன்புரித் தேர்வு. 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் இயங்கும் அஸ்வெசும திட்டத்தில், கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலைமை, குடும்பக் கட்டமைப்பு என்னும் ஆறு பரிமாணங்களின் கீழ் 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பங்கள் மதிப்பிடப்பட்டன. 2023 ஜூலை முதல் நான்கு வகுப்புகளாகப் பிரித்துக் கொடுப்பனவு வழங்கப்பட்டது. தொடக்கத்தில் மிகக் குறைந்த வகுப்புக்கு 2,500 ரூபாவும் மிக வறிய வகுப்புக்கு 15,000 ரூபாவும் என்றிருந்தது. இந்தக் குறிகாட்டிகளின் கண்ணால் வன்னிக் குடும்பம் ஒன்றைப் பார்த்தால் எப்படித் தெரியும் என்று எண்ணிப் பாருங்கள்.

கண்டாவளையில் வாழும் ஒரு பெண் தலைமைக் குடும்பத்தை உதாரணமாகக் கற்பனை செய்துகொள்வோம். அக்குடும்பத்துக்கு இந்திய வீட்டுத் திட்டத்தின் கீழ் 550,000 ரூபா உதவியில் கட்டிய கல்வீடு இருக்கிறது. ஓட்டுக் கூரை, சீமெந்துத் தரை, மலசலகூடம், மின்னிணைப்பு எல்லாம் உண்டு. வீட்டு நிலைமை என்ற பரிமாணத்தில் அது வசதியான குடும்பமாகத் தோன்றும். அந்த வீடு சம்பாதித்துக் கட்டியதன்று, போரில் எல்லாவற்றையும் இழந்ததற்கு உதவியாகக் கிடைத்தது என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. வளவில் பழுதடைந்து நிற்கும் இரு சக்கர உழவு இயந்திரம் சொத்தாக எண்ணப்படலாம்; இறந்த கணவரின் பெயரில் உள்ள வயல் குத்தகைக்குப் போய்விட்டது என்பது விடுபடலாம். ஒவ்வொரு பதிலும் தனியாகப் பார்த்தால் உண்மையே. சேர்ந்து தரும் முடிவுதான் உண்மையைத் தவறவிடுகிறது.

வருமானத்தைப் பற்றிய கேள்வியில் இன்னும் கவனம் தேவை. இரணைமடுவின் கீழும் சிறு குளங்களின் கீழும் நெல் செய்பவருக்குக் காலபோக அறுவடையில்தான் பணம் கைக்கு வருகிறது. சிறுபோகத்துக்கு எல்லா வயலுக்கும் தண்ணீர் கிடைப்பதில்லை. நந்திக்கடலில் தொழில் செய்பவருக்கும் பருவம் உண்டு. ஆண்டு வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்து மாத வருமானமாக எழுதும்போது, கையில் காசில்லாத மாதங்கள் மறைந்துபோகின்றன. இது கற்பனையான ஆபத்து அன்று. அவுஸ்திரேலியாவில் 2015 முதல் 2019 வரை நடந்த ரோபோடெப்ற் திட்டத்தில், வரித் திணைக்களத்திடம் இருந்த ஆண்டு வருமானத்தைக் கணினி இருவாரங்களுக்குச் சமமாகப் பிரித்து, நலன்புரி பெற்றவர்கள் அரசுக்குக் கடன்பட்டிருப்பதாக அறிவித்தல்களை அனுப்பியது. ஆண்டு முழுவதும் ஒரே அளவு உழைக்காதவர்களே அதில் அதிகம் சிக்கினார்கள். அத்திட்டம் சட்டத்துக்கு முரணானது என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2023 இல் வெளியான றோயல் ஆணைக்குழுவின் அறிக்கை அதைக் கடுமையாகக் கண்டித்தது. ஆகவே உங்கள் வருமானத்தை எழுதும்போது மாதவாரியாக எழுதி, அறுவடைக் கடன், பசளை, உழவுகூலி ஆகியவற்றுக்குப் போன தொகையையும் இணைப்பாகக் கொடுங்கள். படிவத்தில் இடமில்லாவிட்டாலும் தனித்தாளில் எழுதிக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.

கடன் மறுக்கப்பட்டவர்கள் பார்க்க வேண்டியது கடன் தகவல் அறிக்கை. 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட இலங்கை கடன் தகவல் பணியகத்திடமிருந்து (ஊர்ப் பேச்சில் "கிரிப்") ஒருவர் தம் சொந்த அறிக்கையைப் பெறலாம். "கிரிப்பில் பெயர் விழுந்துவிட்டது" என்று ஊரில் சொல்வதைக் கேட்டு, அது ஒரு தடைப்பட்டியல் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அது நல்ல கடன், நிலுவைக் கடன் இரண்டையும் காட்டும் பதிவேடு மட்டுமே. கடனைக் கொடுப்பதும் மறுப்பதும் நிறுவனத்தின் முடிவு. அறிக்கையில் நீங்கள் எடுத்த கடன்களோடு நீங்கள் பிணை நின்ற கடன்களும் இருக்கும். அயலவருக்கோ உறவினருக்கோ பிணைக் கையொப்பம் வைத்தவர்கள் அந்தப் பகுதியைத் தனியாகப் பார்க்க வேண்டும். நுண்கடன் சுமை வன்னியில் எத்தனை குடும்பங்களை, குறிப்பாகப் பெண்களை, நெருக்கியது என்பது நாம் எல்லோரும் அறிந்த வேதனை. கட்டி முடித்த கடன் நிலுவையாகவே காட்டப்பட்டால், இறுதித் தவணைப் பற்றுச்சீட்டோடு முதலில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுதுங்கள். பணியகத்தில் இருப்பது அந்நிறுவனம் அனுப்பிய தகவல் என்பதால், திருத்தமும் அங்கிருந்தே செல்ல வேண்டும்.

தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் உரிமைப் பகுதி நடைமுறைக்கு வந்த பிறகு, 13 ஆம் பிரிவு உங்கள் தரவைப் பார்க்கவும், 15 ஆம் பிரிவு அதைத் திருத்தவோ நிறைவு செய்யவோ கோரவும் இடமளிக்கும். அப்போது தனியார் நிறுவனங்களிடமும் இதே கேள்விகளைச் சட்டத்தின் பலத்தோடு கேட்கலாம்.

படி 4: 18 ஆம் பிரிவின் கீழ் மீளாய்வு கோருதல்

ஐரோப்பிய ஒழுங்குவிதியின் 22 ஆம் உறுப்புரை, தன்னியக்கத் தீர்மானத்துக்கு ஆட்படாமல் இருக்கும் உரிமையைத் தருகிறது. நமது 18 ஆம் பிரிவு அவ்வளவு தூரம் செல்வதில்லை. தீர்மானம் எடுக்கப்பட்ட பிறகு அதை மீளாய்வு செய்யும்படி கட்டுப்பாட்டாளரை, அதாவது தரவைத் திரட்டி எதற்குப் பயன்படுத்துவது என்று தீர்மானிக்கும் நிறுவனத்தை, கோரும் உரிமையை மட்டுமே அது தருகிறது. அதற்கும் மேலாக ஒரு நிபந்தனை: அத்தீர்மானம் எழுத்திலான சட்டம் ஒன்றின் கீழ் உங்களுக்குள்ள உரிமைகள், சுதந்திரங்கள் மீது மீளமுடியாததும் தொடர்ச்சியானதுமான தாக்கத்தை ஏற்படுத்தியிருக்க வேண்டும், அல்லது ஏற்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். இவ்விரண்டு சொற்களும் மிக உயர்ந்த படிக்கட்டு. ஒரு மாதக் கொடுப்பனவு தவறுவது இதற்குள் அடங்காது என்று நிறுவனம் வாதிடும்.

விலக்குகளும் உள்ளன. தீர்மானம் எழுத்திலான சட்டத்தால் அதிகாரமளிக்கப்பட்டிருந்தாலோ, அதிகாரசபை நிர்ணயித்த முறையில் அனுமதிக்கப்பட்டிருந்தாலோ, உங்கள் சம்மதத்தின் மீது எடுக்கப்பட்டிருந்தாலோ, உங்களோடு ஒப்பந்தம் செய்வதற்கோ அதை நிறைவேற்றுவதற்கோ அவசியமாக இருந்தாலோ மீளாய்வு உரிமை பொருந்தாது. இவற்றைக் கூட்டிப் பார்த்தால் எஞ்சுவது சிறிதே. நலன்புரித் தேர்வு தனிச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. கடனுக்கு ஒப்பந்தமும் சம்மதக் கையொப்பமும் இருக்கின்றன. சட்டத்தை ஆக்கியவர்கள் இந்தப் பிரிவை மிகவும் இறுக்கிவிட்டார்கள் என்பது என் உறுதியான கருத்து. 2025 இன் திருத்தம் இதைத் தளர்த்துவதற்கு நல்ல சந்தர்ப்பமாக இருந்தது.

அதனால் கோரிக்கையை ஒரே பிரிவின் மீது நிறுத்தாதீர்கள். தரவில் பிழை இருக்கிறது என்பதை முதலாவதாகவும், காரணம் தரப்படவில்லை என்பதை இரண்டாவதாகவும், மீளாய்வு வேண்டும் என்பதை மூன்றாவதாகவும் எழுதுங்கள். தாக்கம் தொடர்ச்சியானது என்பதைச் சான்றோடு காட்டுங்கள். கடன் மறுக்கப்பட்டதால் காலபோக விதைப்புத் தவறி, அதனால் முந்தைய கடனும் நிலுவையாகி, அந்த நிலுவையால் அடுத்த கடனும் மறுக்கப்படும் என்ற சங்கிலியைத் திகதிகளோடு விவரித்தால், "தொடர்ச்சி" என்ற சொல்லுக்கு உயிர் வரும். அஸ்வெசும தொடர்பாக என்றால், நலன்புரித் திட்டத்துக்கென்றே உள்ள மேன்முறையீட்டு, ஆட்சேபனை வழிகளையே முதன்மையாகப் பயன்படுத்துங்கள். அவற்றுக்கான கால எல்லை குறுகியதாக இருக்கும். காலம் தவறிய பின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கைகொடுக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

கடிதம் இவ்வாறு அமையலாம்:

"ஐயா / அம்மணி,
என் விண்ணப்ப இலக்கம் …… தொடர்பாக …… ஆம் திகதி எடுக்கப்பட்ட தீர்மானத்தால் நான் பாதிக்கப்பட்டுள்ளேன். அத்தீர்மானம் கணினி முறைமையால் எடுக்கப்பட்டது எனத் தங்கள் அலுவலகத்தின் …… பதவியிலுள்ள அலுவலர் …… ஆம் திகதி எனக்குத் தெரிவித்தார்.
என்னைப் பற்றிய பதிவில் பின்வரும் விபரங்கள் பிழையானவை அல்லது முழுமையற்றவை: …… . சரியான விபரங்களும் அவற்றுக்கான ஆவணப் பிரதிகளும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. பதிவைத் திருத்தித் திருத்தப்பட்ட பதிவின் பிரதியை எனக்கு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.
தீர்மானத்துக்குப் பயன்படுத்தப்பட்ட தரவுகள், ஒவ்வொரு குறிகாட்டிக்கும் எனக்கு வழங்கப்பட்ட புள்ளி, தகுதிக்கான எல்லைப் புள்ளி, தீர்மானத்துக்குப் பொறுப்பான அலுவலரின் பதவி ஆகியவற்றை எழுத்தில் அறியத் தருக.
திருத்தப்பட்ட தரவின் அடிப்படையில், தீர்மானத்தை மாற்றும் அதிகாரமுள்ள அலுவலர் ஒருவர் என் கோப்பை நேரடியாக மீளாய்வு செய்ய வேண்டும் எனக் கோருகிறேன். இத்தீர்மானம் என் வாழ்வாதாரத்தில் ஏற்படுத்தியுள்ள தொடர்ச்சியான பாதிப்பை இணைப்பில் விவரித்துள்ளேன்.
மறுப்பதாயின் அதற்கான காரணத்தையும், நான் மேன்முறையீடு செய்யக்கூடிய இடத்தையும் எழுத்தில் அறியத் தருமாறு வேண்டுகிறேன்."

உரிமைப் பகுதி நடைமுறையில் இருந்தால், "2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் 13, 15, 18 ஆம் பிரிவுகளின் கீழ்" என்ற சொற்களை முதல் வரியில் சேருங்கள். அரச நிறுவனத்துக்கு எழுதுவதாயின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 35 ஆம் பிரிவையும் சேர்க்கலாம். அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

பிள்ளைகள், கைரேகை, பிறருக்காகக் கோருதல்

இனம், மதம், அரசியல் கருத்து, உடல்நலம், உயிரளவியல் தரவு, குற்ற வழக்குகள் சார்ந்த தரவு, 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் தரவு ஆகியன சட்டத்தில் சிறப்பு வகைகளாக வைக்கப்பட்டு, அவற்றைக் கையாள்வதற்குக் கூடுதல் நிபந்தனைகள் விதிக்கப்பட்டுள்ளன. போரில் காயமடைந்தவரின் மருத்துவ விபரம், புனர்வாழ்வு பெற்றவரின் பதிவு போன்றவை வன்னியில் எத்தனை கோப்புகளில் கிடக்கின்றன என்பதை எண்ணும்போது இதன் பெறுமதி விளங்கும். கைரேகை, கருவிழி, முகப்படம் ஆகியவற்றைக் கொண்ட எண்ணிம அடையாள அட்டைத் திட்டமும் நாட்டில் முன்னெடுக்கப்படுகிறது. எவராவது கைரேகையையோ முகப்படத்தையோ கேட்டால், எந்த நோக்கத்துக்கு, யாரிடம் பகிரப்படும், எவ்வளவு காலம் வைத்திருக்கப்படும் என்று கேட்டுவிட்டே கொடுங்கள்.

முதியவர்களுக்கும் எழுத இயலாதவர்களுக்கும் பிறர் உதவலாம். உரியவரின் எழுத்திலான அதிகாரமளிப்பைக் கடிதத்தோடு இணைக்க வேண்டும். பிள்ளைகளுக்காகப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கோரலாம். உதவி செய்பவர் உரியவரின் அடையாள அட்டைப் படத்தைத் தம் கைபேசியில் வைத்துக்கொண்டு வட்ஸ்அப் குழுக்களில் பகிர்வது வழக்கமாகிவிட்டது. அதை நிறுத்த வேண்டும்.

படி 5: மறுப்பு வந்தால்

2022 இன் மூலச் சட்டம் கோரிக்கைக்குப் பதிலளிக்கக் கட்டுப்பாட்டாளருக்கு 21 வேலை நாட்களை வழங்கியது. திருத்தப்பட்ட பாடத்தில் உள்ள எல்லையைச் சரிபார்த்து அந்த நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு, குற்றப் புலனாய்வு, பிறரின் உரிமைகள் போன்ற காரணங்களால் கோரிக்கையை மறுக்கச் சட்டம் இடமளிக்கிறது. தேசிய பாதுகாப்பு என்ற சொல் எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்தப்படக்கூடியது என்பதை இந்த மண்ணில் வாழ்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. எனினும் மறுக்கும்போது, வேறொரு சட்டம் தடுத்தாலன்றி, காரணத்தையும் மேன்முறையீட்டு உரிமையையும் அறிவிக்க வேண்டிய கடமை நிறுவனத்துக்கு உண்டு. பொதுவான ஒரு சொல்லை மட்டும் எழுதி மறுத்திருந்தால், என் கோரிக்கையின் எந்தப் பகுதிக்கு எந்தக் காரணம் பொருந்துகிறது என்று திருப்பிக் கேளுங்கள். மேன்முறையீட்டில் அந்தக் கடிதமும் அதற்குக் கிடைத்த பதிலும் அல்லது மௌனமும் சான்றாகும்.

19 ஆம் பிரிவின்படி மேன்முறையீடு தரவுப் பாதுகாப்பு அதிகாரசபைக்குச் செல்லும். அதன் முடிவில் குறையிருந்தால் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை செல்லலாம். அதிகாரசபையின் பணிப்புரைக்கு இணங்காத நிறுவனத்துக்கு ஒவ்வோர் இணங்காமைக்கும் ஒரு கோடி ரூபாவை மேற்படாத தண்டம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. கொழும்பு வரை செல்லும் செலவை எண்ணித் தயங்குபவர்கள், ஒரே காரணத்தால் ஒரே கிராமத்தில் பலர் பாதிக்கப்பட்டிருக்கிறார்களா என்று முதலில் விசாரித்துப் பாருங்கள். ஒருவரின் பதிவில் உள்ள பிழை தனிப் பிழையாகவே எண்ணப்படும். ஒரே கிராம உத்தியோகத்தர் பிரிவில் கல்வீடு என்ற ஒரே காரணத்தால் பலர் விலக்கப்பட்டிருந்தால், அது அளவுகோலின் குறை என்று காட்டலாம். ஒவ்வொருவரும் தமக்குத் தனித்தனியாகக் கடிதம் அனுப்பி, அவற்றின் பிரதிகளை ஒன்றாகச் சேர்த்து, மாவட்டச் செயலாளருக்கும் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் சமர்ப்பியுங்கள். அரச அதிகாரியின் செயலால் சமத்துவ உரிமை மீறப்பட்டது என்று ஆணைக்குழுவிடம் முறையிடுவதற்குக் கட்டணம் இல்லை, தமிழில் எழுதலாம், சட்டத்தரணி வேண்டியதில்லை. அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்வதாயின், மீறல் நடந்ததிலிருந்து ஒரு மாதமே அரசியலமைப்பு தரும் கால எல்லை என்பதால், மறுப்புக் கடிதம் கிடைத்த வாரத்திலேயே சட்ட உதவி நிலையத்துக்குச் சென்றுவிடுங்கள்.